அத்தியாயம் 7: கூலித் தறியும் சொந்தப் பாவும்

"மாசம் இருபது, இருபத்திரண்டு வருதுண்ணே. ரெண்டு வருசமா அதேதான் வருது."

வீட்டிலிருந்தபடி தனியாக வேலை எடுத்துச் செய்கிற தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் சொல்வது இதைத்தான். வேலை இல்லை என்று யாரும் குறைப்படுவதில்லை. ராத்திரி ஒரு மணி வரைக்கும் வேலை இருக்கிறது. வரவுதான் போன வருசம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஏன் நிற்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அருப்புக்கோட்டையில் ஒருவர் சேலைக் கடைகளுக்குப் படம் திருத்திக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் செல்போனில் எடுத்து அனுப்பும் படத்தில் பின்னணியை வெட்டி, நிறத்தைச் சரிசெய்து, மீஷோ, அமேசான் போன்ற தளங்கள் கேட்கும் அளவில் கொடுக்க வேண்டும். படத்துக்கு 40 ரூபாய். ஒரு நாளைக்கு 30 படம் முடிகிறது, 1,200 ரூபாய். மாதம் 24 நாள் உட்கார்ந்தால் 28,800 வந்தாக வேண்டும். வருவதில்லை. 'ரேட் என்ன' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது, பாக்கிக்கு நடப்பது, 'அந்தப் பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கு' என்றதும் மறுபடி திருத்துவது, பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போகிற கரண்ட் சாயங்காலம் வருவது என எல்லாம் சேர்ந்து ஆறு நாளைத் தின்றுவிடும். மிச்சம் 18 நாள். 21,600 ரூபாய். இன்னும் வேண்டுமென்றால் தினமும் 40 படம் செய்யலாம். கண்ணும் இடுப்பும் சம்மதித்தால்.

நம் ஊரில் இந்த நிலைமைக்கு ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கிறது: கூலித் தறி. பாவும் நூலும் முதலாளி கொடுப்பார். நெய்து கொண்டுபோய்ப் போட்டால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. எந்த நிறம், என்ன கரை, எங்கே விற்கப்போகிறது என்பதெல்லாம் அவர் பாடு. தறி ஓடினால் கூலி, நின்றால் இல்லை. உடம்புக்கு முடியாத வாரம் அடுப்பும் யோசித்துத்தான் எரியும். கம்ப்யூட்டரில் செய்கிறோம் என்பதால் ஃப்ரீலான்ஸ் வேறு வர்க்கம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்கக் கிளையண்ட் டாலரில் கொடுத்தாலும், மணிக்கணக்கில் வாங்குகிறவரை அது கூலிதான்.

ஆனால் கூலித் தறியைக் கேவலமாகப் பேசுகிற புத்தகங்களோடு எனக்கு உடன்பாடில்லை. நூல் விலை ஏறினாலும் இறங்கினாலும் கூலிக்காரருக்கு அடி நேராக விழாது. சரக்கு தேங்கினாலும் முதல் முடங்குவது முதலாளிக்கு. சொந்தமாகப் பாவு போட்டவர்கள் எல்லாம் மாடி வீடு கட்டிவிடவில்லை. கடனில் தறியை விற்றவர்களும் இதே தெருக்களில் இருக்கிறார்கள். ஆகவே இந்த அத்தியாயம் சொல்லப்போவது வேலையை உதறிவிட்டுக் குதிக்கச் சொல்லும் சங்கதி அல்ல. நாலு தறியில் மூன்று கூலிக்கு ஓடட்டும். ஒன்றில் மட்டும் சொந்தப் பாவு ஏற்றுங்கள்.

லண்டனில் ஒரு கோவைக்காரர்

தனி ஆளாகக் கூலிக்கு வேலை பார்த்தவர் இணையத் தொழிலாக வளர்ந்ததற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் சரவணகுமார். கோயம்புத்தூர்க்காரர். இங்கிலாந்தில் நிறுவனம் நிறுவனமாகப் போய் ஆலோசகராக வேலை பார்த்தவர். அவர் கைத்தொழில் மைக்ரோசாஃப்டின் பிஸ்டாக் சர்வர். ஒரு பெரிய நிறுவனத்தில் ஆர்டர் ஒரு மென்பொருளில் வரும், சரக்குக் கணக்கு இன்னொன்றில் இருக்கும், பில் மூன்றாவதில் போடப்படும். இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு நடுவில் நிற்கும் மென்பொருள் அது. கேட்டாலே கொட்டாவி வரும் சமாச்சாரம். வெளியாட்களுக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

எந்த நிறுவனத்துக்குப் போனாலும் அங்கே ஒரே குறை. பிஸ்டாக்கை ஓட்டுகிறார்கள், ஆனால் அது ஒழுங்காக ஓடுகிறதா, எங்கே அடைத்துக்கொண்டது, யார் எதைத் தொட்டார்கள் என்று பார்ப்பதற்கு வசதியான கருவி இல்லை. கூலி வேலையில் இருந்தவர் அந்தக் குறையைக் குறித்துக்கொண்டார். அதற்கென்று ஒரு கருவியைக் கட்டி, பிஸ்டாக்360 என்று பெயர் வைத்து, 2011-ல் நிறுவனம் தொடங்கினார். அதுதான் இன்றைய கோவை.கோ. ஊர்ப் பெயரையே நிறுவனத்துக்கு வைத்துக்கொண்ட துணிச்சல் எனக்குப் பிடிக்கும். வெளி முதலீடு வாங்காமல் வாடிக்கையாளர் கொடுத்த காசிலேயே வளர்ந்த நிறுவனம். லண்டனில் ஒரு கால், கோவையில் ஒரு கால். 2025 தொடக்கத்தில் 140-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு மொத்தம் 14.5 கோடி ரூபாய் போனஸ் அறிவித்தபோதுதான் பத்திரிகைகளில் பலர் அந்தப் பெயரை முதன்முறையாகப் பார்த்தார்கள்.

இந்தக் கதையில் நாம் எடுத்துக்கொள்ள மூன்று விஷயம் இருக்கிறது. முதலாவது, அவர் புதிதாக ஒரு துறையைத் தேடிப் போகவில்லை. கூலி வேலை செய்த அதே இடத்தில்தான் சரக்கைக் கண்டுபிடித்தார். இரண்டாவது, அந்தத் துறைக்காரர்கள் நடுவில் ஏற்கெனவே தெரிந்த ஆள். மைக்ரோசாஃப்ட் தன் தொழில்நுட்பத்தில் ஊன்றியவர்களுக்குத் தரும் எம்விபி அங்கீகாரம் அவருக்கு இருந்தது. 'இவர் சொன்னால் சரியாக இருக்கும்' என்று நினைப்பவர்கள் இருந்தார்கள். கருவி வந்தபோது விற்பதற்கு ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே சரக்கை நம்பி அவர் உட்கார்ந்துவிடவில்லை. நிறுவனங்கள் தங்கள் கையேடுகளை எழுதி வைத்துக்கொள்வதற்கான டாக்குமெண்ட்360 போன்றவை பின்னால் வந்தன. பாவு தீர்ந்த பிறகு அடுத்த பாவுக்கு நூல் தேடுகிறவன் தறி சும்மா கிடக்கும்.

வெளியுலகத்திலும் இதே தடம்தான். அட்லாண்டாவில் ஊராருக்கு வெப்சைட் செய்துகொடுத்துக்கொண்டிருந்த சின்ன நிறுவனம் 2001-ல் ஓரமாகத் தொடங்கிய வேலைதான் மெயில்சிம்ப். வாடிக்கையாளர்கள் எல்லாரும் மெயில் அனுப்பித் தரச் சொல்லிக் கேட்டார்கள் என்பதுதான் அதன் பிறப்புக் கதை. பல வருசம் வெப்சைட் வேலைதான் சோறு போட்டது. 2021-ல் இன்ட்யூட் நிறுவனம் அதைச் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கியது. 37சிக்னல்ஸும் 1999-ல் வெப் டிசைன் கடையாகத் தொடங்கியதுதான். தன் சொந்த வேலைகளை ஒழுங்குபடுத்தச் செய்துகொண்ட கருவியையே 2004-ல் பேஸ்கேம்ப் என்று விற்றது. அந்த 1,200 கோடியைப் பார்த்து மயங்க வேண்டாம். ஓரமாகச் செய்தார்கள், வருசக்கணக்கில் செய்தார்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பாவு எங்கே இருக்கிறது

கடந்த ஆறு மாத வாட்ஸ்அப்பைத் திறந்து உட்காருங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்தி. வாடிக்கையாளர் கேட்டது என்ன. நீங்கள் செய்தது என்ன. அதற்கு மேல் காசு வாங்காமல் செய்தது என்ன. மூன்றாவது பத்தியில்தான் விஷயம் இருக்கிறது.

நம் சேலைப் படக்காரரின் மூன்றாவது பத்தி இப்படி இருக்கும். 'முந்தியை விரித்து ஒரு படம், கரை தெரிய ஒரு படம், உடல் ஒன்று, ரவிக்கைத் துணி ஒன்று எடுத்து அனுப்புங்கள்' என்று ஆறு கடைக்குச் சொன்னது. ட்யூப்லைட்டுக்குக் கீழே எடுக்காதீர்கள், காலை பத்து மணிக்கு ஜன்னல் ஓரம் நிழலில் எடுங்கள் என்று எட்டுப் பேருக்குச் சொன்னது. 'நீளம் 5.5 மீட்டர், ரவிக்கை 80 சென்டிமீட்டர்' என்ற விவரத்தை ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தது. தளத்தில் ஏற்றத் தெரியாமல் திண்டாடியவருக்கு உட்கார்ந்து ஏற்றிக்கொடுத்தது. அவர் விற்பதாக நினைத்துக்கொண்டிருப்பது திருத்திய படம். கடைக்காரருக்கு வேண்டியது அது இல்லை. சரக்கு தளத்தில் ஏற வேண்டும், நிறம் வேறாக இருக்கிறது என்று ரிட்டர்ன் வரக் கூடாது. ரிட்டர்ன் வந்த சேலைக்குப் போக்குவரத்தும் தண்டம், மடிப்புக் கலைந்த சேலையும் தண்டம்.

இப்போது அதை ஒரு பொட்டலமாகக் கட்டுங்கள். 50 சேலை, ஒவ்வொன்றுக்கும் நாலு படம், விவரக்குறிப்பு, இரண்டு தளங்களில் ஏற்றிக்கொடுப்பது. விலை 14,000 ரூபாய். படக்கணக்கில் பார்த்தால் 200 படம், 8,000 ரூபாய்தான், ஏழு நாள் வேலை. பொட்டலம் முதல் தடவை ஒன்பது நாள் இழுக்கும், பயந்துவிடாதீர்கள். அப்போதே ஒரு நாளைக்கு 1,555 ரூபாய் வருகிறது. நிறத் திருத்தத்துக்கு அச்சு, விவரக்குறிப்புக்கு அச்சு என்று செய்து வைத்துக்கொண்டால் ஐந்தாவது கடைக்கு ஐந்து நாளில் முடியும். நாளுக்கு 2,800.

பொட்டலத்தில் எது அடங்கும் என்பதைவிட எது அடங்காது என்று எழுதுவதில் அதிக நேரம் செலவழியுங்கள். திருத்தம் இரண்டு முறை. எல்லாப் படமும் கைக்கு வந்த நாளிலிருந்துதான் நாள் கணக்கு. 51-வது சேலை அடுத்த பொட்டலம். பேச்சுவாக்கில் சொல்லாமல் ஒரு பக்கத் தாளாக வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் எழுத்தில் கேட்டால் மரியாதைக் குறைவு என்று ஒரு தயக்கம் இருக்கிறது. பாக்கிக்கு வீட்டு வாசலில் போய் நிற்பதைவிட அது ஒன்றும் மரியாதைக் குறைவு இல்லை.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. படம் திருத்துகிறவரை உங்கள் சந்தை அருப்புக்கோட்டைதான், மிஞ்சினால் விருதுநகர். 'கைத்தறிச் சேலையைத் தளத்தில் ஏற்றிக்கொடுப்பவர்' என்று ஆகிவிட்டால் பரமக்குடி, சின்னாளப்பட்டி, இளம்பிள்ளை, நெகமம் என்று தறி ஓடுகிற ஊரெல்லாம் உங்கள் ஊர். அத்தனை ஊரிலும் கடைக்காரர் ட்யூப்லைட்டுக்குக் கீழேதான் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கைமாற்றிக் கொடுப்பது

மூன்று பொட்டலம் முடித்த பிறகு செய்முறையை எழுதுங்கள். மனதில் இருப்பது மனதோடு போகும். எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும், பெயர் எப்படி வைக்க வேண்டும், அரக்குச் சிவப்பும் மெரூனும் எங்கே குழம்பும் என்பதெல்லாம் எழுத்தில், முடிந்தால் திரையைப் பதிவுசெய்த சின்ன வீடியோவாக. பிறகுதான் ஆள்.

ஆளுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. தேவாங்கர் கலைக் கல்லூரியிலோ எஸ்.பி.கே. கல்லூரியிலோ பட்டம் வாங்கிவிட்டு, வெளியூர் அனுப்ப வீட்டில் சம்மதிக்காததால் உட்கார்ந்திருக்கிற பெண்கள் தெருவுக்கு நாலு பேர். சேலையைப் பற்றி அவர்களுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. தறி வீட்டில் வளர்ந்தவர்கள். நாளுக்கு 500 ரூபாய் கொடுத்து ஒரு பொட்டலத்துக்கு ஐந்து நாள் வேலை என்றால் 2,500. உங்களுக்கு இரண்டு நாள் மேற்பார்வை. மாதம் நாலு பொட்டலத்தில் 56,000 வரவு, 10,000 சம்பளம், மிச்சம் 46,000. நீங்கள் தறியில் உட்கார்ந்தது எட்டு நாள். இந்தக் கணக்கு காகிதத்தில் அழகாக இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். நாலு பொட்டலம் கிடைக்காத மாதம் வரும். அதனால்தான் முதல் ஆறு மாதம் மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுக்காமல் பொட்டலக் கணக்கில் கொடுக்கச் சொல்கிறேன். ஆனால் கொடுக்க வேண்டியதைச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடுங்கள். பார்ட்டி நமக்குத் தரவில்லை என்பது அந்தப் பெண்ணின் பிரச்சினை அல்ல.

மொட்டும் வத்தலும்

அரும்புக்கோட்டைதான் அருப்புக்கோட்டை ஆனது என்று ஊரில் சொல்வார்கள். மல்லிகை மொட்டு விடிகாலையில் பறித்தால் மத்தியானத்துக்குள் கைமாறியாக வேண்டும். சாயங்காலம் விரிந்துவிட்டால் விலை இல்லை. உழைப்பு நேரமும் அப்படித்தான். இன்றைக்கு விற்காத எட்டு மணி நேரத்தை நாளைக்கு விற்க முடியாது. மிளகாய் போட்டவருக்கு அந்த அவசரம் கிடையாது. காயவைத்து மூட்டை கட்டி, விருதுநகர் மார்க்கெட்டில் விலை வரும்வரை வைத்திருக்கலாம். இணையத்தில் வத்தல் மாதிரிச் சரக்கு எது? ஒரு தடவை செய்துவைத்து நூறு தடவை விற்கக்கூடியது எதுவும்.

நம் படக்காரர் கையில் என்ன இருக்கிறது? விவரக்குறிப்பு எழுதுவதற்கு அவர் செய்து வைத்திருக்கும் விரிதாள். சேலையின் நூல், நிறம், கரை, நீளம் ஆகியவற்றைத் தமிழில் தேர்ந்தெடுத்தால் தளங்கள் கேட்கும் வடிவில் ஆங்கில விவரம் வந்து விழும். அதைக் கொஞ்சம் மெருகேற்றி, மாதம் 600 ரூபாய் சந்தாவாகக் கொடுக்கலாம். 60 கடை சேர்ந்தால் 36,000. அறுபது கடையைச் சேர்க்க இரண்டு வருசம் ஆகலாம். ஆனால் இந்த 36,000 நீங்கள் காய்ச்சலில் படுத்திருக்கும் வாரமும் வரும்.

எல்லாரும் முதலில் நினைப்பது 'கோர்ஸ் போடலாம்' என்பதை. நான் அதை முதல் சரக்காகச் சொல்லமாட்டேன். சம்பாதிப்பது எப்படி என்று சொல்லிச் சம்பாதிக்கிறவர்கள் யூடியூபில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள். கடைக்காரருக்குக் கற்றுக்கொள்ள நேரமில்லை. வேலை முடிந்தால் போதும்.

சரக்கு எங்கே விற்பது என்பதில் ஒரு எச்சரிக்கை. ஃபைவர் மாதிரித் தளங்கள் தொடங்குவதற்கு நல்லவை. வெளிநாட்டுக் கிளையண்ட் முதலில் அங்கேதான் கிடைப்பார். நூறு டாலர் வேலையில் இருபது டாலரை அது எடுத்துக்கொள்ளும். பூ மண்டியில் கமிஷன் போல அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, வாடிக்கையாளர் உங்களுடையவராக ஆகவே மாட்டார் என்பது. விதி மாறினால், கணக்கு முடங்கினால் ஐந்து வருச உழைப்பு ஒரு மெயிலோடு போய்விடும். எனவே எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சொந்தப் பெயரில் ஒரு வெப்சைட், அதில் விலையோடு உங்கள் பொட்டலம், வந்தவர்களின் மெயில் முகவரிப் பட்டியல். அந்தத் தளப் பெயரை நீங்களே, உங்கள் மெயிலில், உங்கள் கார்டில் பதிவுசெய்யுங்கள். நான் ஒருகாலத்தில் வெப்சைட் செய்துகொடுத்தவரையே பதிவுசெய்யச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தேன். மூன்றாவது வருசம் அவர் தொழிலை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார், புதுப்பிக்க ஆளில்லை. நாலு மாதம் கழித்து என் கடைப் பெயரைத் தட்டினால் சீட்டாட்ட விளம்பரம் வந்தது. விசிட்டிங் கார்டு 500 அச்சடித்து வைத்திருந்தேன்.

காசும் காகிதமும்

நம்முடையது மானாவாரிப் பூமி. ஐப்பசி கார்த்திகை மழையைக் கண்மாயில் பிடித்து வைத்தால்தான் பங்குனிக்கு மாடு தண்ணீர் குடிக்கும். சேலைக் கடைக்காரர்களுக்குத் தீபாவளிக்கு முன்னால் அவசரம், பொங்கலுக்கு அவசரம், பிறகு தூக்கம். வெளிநாட்டுக் கிளையண்டுகள் டிசம்பர் கடைசியில் பதிலே போடமாட்டார்கள். வீட்டுச் செலவு ஆறு மாதத்துக்குச் சேரும்வரை ஒவ்வொரு வரவிலும் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். அது சேர்ந்த பிறகுதான் பழைய கூலி வேலைகளில் ஒன்றைக் கைவிடலாம்.

குறு, சிறு தொழில்களுக்கான உதயம் பதிவை இன்றே செய்துவிடுங்கள். ஆதாரும் பானும் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் வாங்கும் ஆட்களிடம் போகாதீர்கள். அந்த எண் வெறும் அலங்காரம் இல்லை. பதிவுபெற்ற குறு, சிறு தொழிலிடம் வேலை வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் வருசச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டு முதல் அப்படி இழுத்தடித்த தொகையை அவர் அந்த வருச வருமான வரியில் செலவாகக் கழிக்கவும் முடியாது. இதற்கான அரசுத் தளத்தில் புகாரும் கொடுக்கலாம். நடைமுறையில் நான் கண்டது, புகாருக்கே போக வேண்டியதில்லை. பில்லின் அடியில் உதயம் எண்ணையும் '45 நாள்' என்ற வரியையும் அச்சடித்தாலே அந்த நிறுவனத்தின் கணக்குப்பிள்ளை மார்ச் மாதம் தானாகக் கூப்பிடுவார். வெளியூர்ப் பார்ட்டி ஒருவரிடம் 38,000 ரூபாயைப் பதினொரு மாதம் கேட்டு அலைந்து விட்டுவிட்ட பிறகுதான் எனக்கு இந்தச் சட்டம் தெரியவந்தது. அட்வான்ஸ் பாதி வாங்கியிருந்தால் அதுவும் தேவைப்பட்டிருக்காது.

ஜிஎஸ்டி விஷயத்தில் தேவையில்லாத பயமும் இருக்கிறது, தேவையான பயம் இல்லாமலும் இருக்கிறார்கள். சேவை மட்டும் விற்கிறவருக்கு வருச வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. வேறு மாநிலக் கிளையண்டுக்குச் செய்தாலும் சரி. வெளிநாட்டு வரவும் அந்த 20 லட்சக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தாண்டிப் பதிவு செய்த பிறகு, வெளிநாட்டு வேலைக்கு எல்யூடி என்ற உறுதிமொழியை ஆன்லைனில் கொடுத்துவிட்டால் வரி கட்டாமலே பில் போடலாம். நிதியாண்டு தோறும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஆனால் நாளைக்கு நீங்களே சேலை வாங்கி விற்கத் தொடங்கினால் கதை வேறு. சில கைவினைப் பொருள்களுக்குச் சலுகை இருக்கிறதே தவிர, பொதுவாகப் பொருளை மாநிலம் தாண்டி அனுப்புகிறவருக்கு முதல் பார்சலிலிருந்தே பதிவு வேண்டும். வெளிநாட்டுப் பணம் எதற்காக வந்தது என்று வங்கி கேட்கும் காரணக் குறியீட்டைச் சரியாகக் கொடுத்து, வந்த சான்றை ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதற்கு ஆடிட்டர். வருசத்துக்கு ஐந்தாயிரம் கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.

இங்கேயே இருந்து

சென்னைக்கோ பெங்களூருக்கோ போனால்தான் முடியும் என்பவர்களுக்கு ஜோஹோவின் தென்காசி அலுவலகத்தைச் சொல்லலாம். ஜோஹோ டெஸ்க் அங்கே உருவானது. அது பெரிய யானை, நம்மோடு ஒப்பிட முடியாது என்றாலும், ஊர் தடையில்லை என்பதற்கு அது போதும். நமக்குத் தடை கரண்டும் நெட்டும்தான். இன்வெர்ட்டர் ஒன்று, வேறு வேறு கம்பெனியின் இரண்டு நெட் இணைப்பு. நரிக்குடிப் பக்கமோ பரளச்சிப் பக்கமோ இருப்பவர்கள், மின்தடை அறிவித்த நாளில் உட்கார டவுனில் ஒரு இடத்தை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கிளையண்டிடம் 'இங்கே கரண்ட் இல்லை' என்று எழுதாதீர்கள். அவருக்கு அது புரியாது, புரிய வேண்டியதும் இல்லை.

திருச்சுழிக்காரர்களுக்கு ஒரு சின்ன வசதி உண்டு. வெளிநாட்டுக்காரர் எந்த ஊர் என்று கேட்டால், 1879-ல் ரமணர் பிறந்த ஊர் என்று சொல்லிப் பாருங்கள். அவர் பிறந்த வீடு சுந்தர மந்திரம் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. கடல் கடந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கிளையண்ட் அவரைக் கேள்விப்பட்டவராக இருந்தால் அன்றைக்குப் பேரம் கொஞ்சம் மெதுவாக நடக்கும்.

பழைய வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது

இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அமெரிக்கக் கிளையண்டிடம் விலையேற்றத்தை மெயிலில் எழுதிவிடலாம். முதன்முதலில் வேலை கொடுத்த அண்ணாச்சியைப் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நாளைக்கும் பார்த்தாக வேண்டும்.

மூன்று மாதம் முன்னாலேயே சொல்லுங்கள். நேரில் போய்ச் சொல்லுங்கள். "அண்ணாச்சி, தை மாசத்துலேர்ந்து படக்கணக்குல செய்யல. அம்பது சேலை மொத்தமா எடுத்து, தளத்துல ஏத்தி முடிச்சுக் குடுக்கறேன். கையில இருக்கற வேலை எல்லாம் பழைய ரேட்தான்." இவ்வளவுதான். மின்கட்டணம் ஏறிவிட்டது, வாடகை ஏறிவிட்டது என்று காரணம் அடுக்க வேண்டாம். அடுக்கினால் அவரும் நூல் விலையிலிருந்து ஆரம்பித்து அடுக்குவார், அதில் அவரை ஜெயிக்க முடியாது.

"என்னப்பா, பெரிய ஆளாயிட்ட" என்பார். சிரித்துக்கொள்ளுங்கள். படக்கணக்கே வேண்டும் என்றால், புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் ஒரு தம்பியின் நம்பரைக் கொடுங்கள். கமிஷன் வாங்காதீர்கள்.

இரண்டு வாரத்தில் போன் வரும். "அம்பது இப்ப வேணாம், முப்பது மட்டும் போடலாமா?" என்று கேட்பார். போடலாம். அவசரத்தில் 14,000-ஐ ஐம்பதால் வகுத்து முப்பதால் பெருக்கி 8,400 என்று சொல்லிவிடாதீர்கள். தளக் கணக்கு அமைப்பதும் நிறத்துக்கு அச்சு செய்வதும் முப்பதுக்கும் ஒரே வேலைதான். 9,500 என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் வராது. கடைப் பையனிடம் ஏதோ கேட்பது காதில் விழும். பிறகு, "சரி, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஜன்னல் பக்கத்துல வச்சுப் படம் எடுக்கணும், அதான?" என்பார்.